தெந்தே எண்ணெயும் புரட்டாசியும்: சால்வடோரில் ஐந்து நாள்

செப்டம்பர் 24, 2024, செவ்வாய்

சாவ் பாவ்லோவிலிருந்து இரண்டரை மணி நேர விமானம். மதியம் பிரேசிலின் பாஹியா மாநிலத்துத் தலைநகரான சால்வடோரில் இறங்கினோம். விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் சாலையில் இரண்டு பக்கமும் மூங்கில் வளர்ந்து மேலே ஒன்றோடொன்று சேர்ந்து பந்தல் போட்ட மாதிரி நிற்கிறது, அதற்குள்ளேயே கொஞ்ச தூரம் போகிறோம், வெளியே வந்தால் சுள்ளென்று வெயில். கொஞ்ச நேரம்தான் போயிருப்போம், அக்கா கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு "டேய், பலா மரம்டா!" என்றாள். ஒன்று இல்லை, வீட்டுக்கு வீடு, சாலை ஓரம், பள்ளத்தில், மேட்டில் எங்கும்.

நாங்கள் பண்ருட்டிக்காரர்கள். பலாவைப் பார்த்தால் அக்காவுக்குக் கால் நிற்காது. இங்கே அதற்குப் பெயர் 'ஜாக்கா'. போர்ச்சுகீசியர்கள் மலையாளக் கரையில் 'சக்க' என்று கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு, மரத்தையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். மாம்பழம் இங்கே 'மங்கா'. பதிலுக்கு இந்த மண்ணிலிருந்து நம் பக்கம் வந்தவை முந்திரி, மரவள்ளி, நிலக்கடலை. எங்கள் அப்பா முந்திரித் தோப்பை வைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். அந்த மரத்தின் தாய்நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இந்தப் பயணத்தில் ஒரு சிக்கலும் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா புரட்டாசி முழுக்கச் சைவம். முட்டையும் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு வருடம்கூட விட்டதில்லை. நான் எல்லாம் சாப்பிடுகிறவன், ஒன்றரை வருடமாகப் பிரேசிலில் வேலை பார்க்கிறேன், பாஹியா மாநிலத்துச் சாப்பாட்டுக்காகவே இந்த ஊருக்கு வரவேண்டும் என்று காத்திருந்தவன். பாஹியாச் சமையலில் காய்ந்த இறால் இல்லாத பண்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சாயங்காலம் பெலோரின்யோ. 1549-இல் போர்ச்சுகீசியர்கள் கட்டிய ஊர் இது, 1763 வரை பிரேசிலின் தலைநகரம். பெலோரின்யோ என்றால் கசையடித் தூண். அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த தூணின் பெயரையே அந்தப் பகுதி இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. மேட்டிலிருந்து கீழே சரிகிற கல் பாவிய தெரு, மஞ்சளும் நீலமும் ரோஜா நிறமுமாக வீடுகள், நடுவில் நீல நிறத்தில் கறுப்பர்களின் ஜெபமாலை மாதா கோயில். 18-ஆம் நூற்றாண்டில் அடிமைகளும் விடுதலை வாங்கியவர்களும் சேர்ந்த ஒரு சபை தங்கள் கையால் எழுப்பிய கோயில் இது. செவ்வாய்க்கிழமை மாலைப் பூசையில் மேளம் உண்டு. ஆப்பிரிக்க மேளம், கையால் தட்டுவது. அது ஆரம்பித்ததும் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்மணி அதைப் பார்த்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

அப்புறம் இரவுச் சாப்பாடு. சதுக்கத்தில் நல்ல வெளிச்சம் போட்ட ஒரு பெரிய உணவகம், பெயர் வேண்டாம். "கறி இல்லாமல்" என்று போர்ச்சுகீசிய மொழியில் மூன்று தடவை சொன்னேன். இந்த நாட்டில் 'கார்னி' என்று சொன்னால் மாட்டிறைச்சி மட்டும்தான் நினைவுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும், அப்படியிருந்தும் மீன், இறால் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி மறுக்காமல் விட்டது என் தப்பு. மஞ்சளாக, கூழ் பதத்தில் வத்தப்பா வந்தது. அக்கா ஒரு வாய் வைத்தாள், நிறுத்திவிட்டாள். "சென்னாக்கூனி வாசம் வருதுடா." கடலூர்ப் பக்கத்து மூக்கு ஏமாறாது. ரொட்டி, தேங்காய்ப் பால், முந்திரி, நிலக்கடலை எல்லாவற்றோடும் இறாலையும் அரைத்துப் போட்டிருந்தார்கள். அக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வெறும் சோறும் தக்காளியும் சாப்பிட்டாள். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்தது.

செப்டம்பர் 25, புதன்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

நாங்கள் தங்கியிருப்பது சாந்தோ அந்தோனியோ பகுதியில், பெலோரின்யோவிலிருந்து மேலே நடந்தால் வரும் அமைதியான தெரு. விடுதி நடத்தும் அம்மாவிடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு சந்துக்குள் கையைக் காட்டி, "அங்கே தியாவிடம் போங்கள், பெயர்ப்பலகை இருக்காது, வாசலில் வெள்ளைத் துணி காயும்" என்றார். தியா என்றால் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாமே. தெருவில் எல்லோருக்கும் அவர் தியாதான்.

வீட்டின் முன்னறையே சாப்பாட்டுக் கடை. ஐந்து மேசை, பூப்போட்ட ரெக்ஸின் விரிப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பாட்டில் நிரந்தரம்: ஒன்றில் மரவள்ளி மாவு, இன்னொன்றில் எண்ணெயில் ஊறிய சின்னச் சின்ன மிளகாய். தியாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தார், கழுத்தில் செம்மண் நிறத்தில் மணிமாலை.

இந்தத் தடவை பட்டியல் போட்டே சொன்னேன். அக்காவுக்கு மாடு, கோழி, மீன், இறால், முட்டை எதுவும் ஆகாது, ஒரு மாதத்துக்கு, சாமிக்காக. வழக்கமாக இதைச் சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு குழப்பம் வரும், உடம்பு சரியில்லையா, மருத்துவர் சொன்னாரா என்று கேட்பார்கள். தியா ஒரே ஒரு சொல் கேட்டார்: "கிஸீலா?"

எனக்கு அந்தச் சொல் தெரியாது. அவரே விளக்கினார். கண்டோம்ப்ளே என்பது அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து மனதுக்குள் வைத்துக் கொண்டுவந்த வழிபாடு. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஒரிஷா உண்டு, அதாவது அவர் தலைக்கு உரிய தெய்வம். அந்தத் தெய்வத்துக்கு ஆகாத பண்டம் அந்தப் பிள்ளைக்கும் ஆகாது. அதுதான் கிஸீலா. அங்கோலாப் பக்கத்துக் கிம்புண்டு மொழியிலிருந்து வந்த சொல். தியா யன்சானின் மகள். யன்சான் காற்றுக்கும் இடி மழைக்கும் உரிய தெய்வம், புதன்கிழமை அவளுடைய நாள். அவளுக்குப் பூசணி ஆகாது. "வீட்டில் மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுவேன், என் வாயில் வைக்க மாட்டேன். ருசிகூடப் பார்க்க மாட்டேன், மகள்தான் உப்புப் பார்ப்பாள்" என்றார்.

நான் இதைத் தமிழில் சொன்னதும் அக்கா, "எதிர்வீட்டுக்காரங்களுக்குப் புடலங்காய் ஆகாதே, அது மாதிரி" என்றாள். எங்கள் தெருவில் அந்தக் குடும்பம் குலதெய்வத்தின் பேரில் மூன்று தலைமுறையாகப் புடலங்காயைத் தொடுவதில்லை. அதையும் தியாவிடம் சொன்னேன். அவர் அக்காவைப் பார்த்து "மின்யா இர்மான்" என்றார், என் சகோதரி என்று. அடுப்பங்கரைக்குள் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அக்காவுக்காக அவர் செய்தது நேந்திரங்காய் மாதிரியான பெரிய வாழைப்பழத்தில் மொக்கேக்கா. வழக்கமாக மீனில் செய்வது. கறுப்பு மண்சட்டியில் வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் எல்லாவற்றையும் வட்ட வட்டமாக நறுக்கி அடுக்குகிறார், மேலே பழம், மறுபடி ஓர் அடுக்கு, ஒரு கட்டுக் கொத்தமல்லி முழுசாக, தேங்காய்ப் பால். தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றவில்லை, காய்கள் விடும் சாறிலேயே வேகிறது. கரண்டி போட்டுக் கிளறவும் இல்லை, சட்டியைப் பிடித்து ஆட்டிவிடுகிறார். கடைசியில்தான் தெந்தே. பக்கத்து மாநிலமான எஸ்பிரித்து சாந்தோவிலும் மொக்கேக்கா உண்டு, அங்கே தேங்காய்ப் பாலும் கிடையாது, தெந்தேயும் கிடையாது. எது உண்மையான மொக்கேக்கா என்று இரண்டு ஊருக்கும் தீராத வழக்கு. தியாவிடம் கேட்டேன். "தெந்தே இல்லாவிட்டால் அது வெறும் மீன் குழம்பு" என்றார், அவ்வளவுதான் பதில்.

தெந்தே என்பது செம்பனை எண்ணெய். மேற்கு ஆப்பிரிக்காவின் மரம், அந்த மனிதர்களோடு சேர்ந்து கடலைக் கடந்து வந்தது. நம் ரேஷன் கடையில் தரும் பாமாயிலும் இதே மரத்துப் பழத்திலிருந்துதான், ஆனால் அது நிறமும் மணமும் நீக்கிய எண்ணெய். இது அடர்ந்த ஆரஞ்சு. பாட்டிலில் மேலே தெளிவாகவும் கீழே கட்டியாகவும் பிரிந்து நிற்கிறது. சட்டியில் ஊற்றியதும் வாசம் எழுந்து வந்தது. வேர் மாதிரி, மண் மாதிரி, கொஞ்சம் பழுத்த பழம் மாதிரி. முதல் வாயில் கனமாக இருக்கிறது, நாலாவது வாயில் அது இல்லாத சாப்பாட்டை நினைக்க முடியவில்லை.

கூடவே வெள்ளைச் சோறு, தேங்காய்ப் பாலில் வேகவைத்துக் கரைத்த பயறு, தெந்தேயில் வறுத்த மரவள்ளி மாவு. இந்த வறுத்த மாவுக்கு ஃபரோஃபா என்று பெயர். பொலபொலவென்று மஞ்சளாக இருக்கும், எதன் மேலும் தூவிச் சாப்பிடுவார்கள். எனக்கு இறால் போட்ட சட்டி தனியாக வந்தது, அதற்கு வேறு கரண்டி, வேறு தட்டு. சொல்லாமலே பிரித்து வைத்திருந்தார்.

அக்கா முள்கரண்டியை வைத்துக்கொண்டு கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு தியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பயற்றையும் மாவையும் கையால் பிசைந்து, விரல் தடம் பதிய ஒரு உருண்டை பிடித்து அக்கா கையில் வைத்தார். இதற்கு 'கப்பிதாவ்ன்' என்று பெயராம். அவருடைய பாட்டி சட்டியைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்து இப்படித்தான் ஆளுக்கொன்றாகப் பிடித்துக் கொடுப்பாராம். அக்காவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. எங்கள் ஆயா நிலா வெளிச்சத்தில் பழைய குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்து எங்கள் உள்ளங்கையில் வைத்த உருண்டை அது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன், தியாவும் பார்த்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அக்கா அவரிடம் முந்திரிக்காயைப் பற்றி விசாரித்தாள். பச்சை முந்திரிப் பருப்பை இங்கே மத்துரி என்கிறார்கள், அதிலும் மொக்கேக்கா வைப்பதுண்டாம். இப்போது காய் வரவில்லை, இன்னும் கொஞ்ச நாள் ஆகும். பச்சை முந்திரிக் குழம்பு என்று ஒன்று பண்ருட்டிக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கையில் பால் பட்டால் தோல் உரியும் என்று தியா விரலைக் காட்டினார். அக்காவும் தன் விரலைக் காட்டினாள்.

இரண்டு பேருக்கும் சேர்த்து 70 ரெயால், நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. "வெள்ளிக்கிழமை வாருங்கள், அன்றைக்குக் காசு கிடையாது" என்றார். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

செப்டம்பர் 26, வியாழன்

காலையில் சாவ் ஜோவாக்கிம் சந்தை. கீழ் நகரத்தில், கடல் ஓரம். முன்பு பக்கத்தில் இருந்த பெரிய சந்தை 1964-இல் தீப்பிடித்து அழிந்த பிறகு வியாபாரிகள் இங்கே வந்து உட்கார்ந்தார்கள். கூரைக்குக் கீழே குறுகிய சந்துகள், கால் ஈரமாகும், நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். மண்சட்டிகள் ஒரு பக்கம், பூசைக்கான இலைகள் ஒரு பக்கம், காய்ந்த இறால் அளவு வாரியாகக் குவியல் குவியலாக, பழைய மது பாட்டில்களில் நிரப்பிய தெந்தே. இறால் குவித்திருந்த பகுதியை மட்டும் அக்கா வேகமாகக் கடந்துவிட்டாள்.

இன்றைக்கு எங்கே பார்த்தாலும் வெண்டைக்காய். மலை மாதிரி. இங்கே அதைக் கிலோவில் கேட்பதில்லை, நூறு கணக்கில் கேட்கிறார்கள். ஐந்நூறு காய், ஆயிரம் காய் என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். நாளைக்குக் கோஸ்மே, தாமியாவ்ன் என்ற இரட்டைப் புனிதர்களின் நாள். கத்தோலிக்க நாட்காட்டி அதை 26-க்கு மாற்றிவிட்டது, ஆனால் பாஹியா மக்கள் 27-ஐ விடவில்லை. அந்த இரட்டையர்களுக்குள் ஆப்பிரிக்காவின் இரட்டைக் குழந்தைத் தெய்வங்களான இபேஜியும் இருக்கிறார்கள். நாளைக்கு வீட்டுக்கு வீடு வெண்டைக்காயில் கருரு செய்து பிள்ளைகளுக்குப் போடுவார்கள். தியா சிரித்தது இதற்குத்தான். வெண்டைக்காயே ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், அங்கிருந்து இவர்களுக்கும் வந்தது, நமக்கும் வந்தது. சந்தையில் பெண்கள் காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறார்கள், கடைக்காரர் சத்தம் போடுகிறார். அக்காவும் ஒடித்தாள், அவளுக்கும் திட்டு விழுந்தது.

மாலை ரியோ வெர்மெல்யோ. கடற்கரைச் சதுக்கத்தில் வெள்ளைச் சரிகைப் பாவாடையும் தலைத்துணியுமாக அக்கராஜே என்ற பயற்று வடை போடும் பாயானாக்கள், அதாவது பாஹியாப் பெண்கள். தட்டைப்பயறு வகைதான், உடைத்து ஊறவைத்துத் தோலைக் கழுவி நீக்கி வெங்காயம், உப்பு சேர்த்து அரைத்த மாவு. அதை உயரமான பாத்திரத்தில் மரக்கரண்டியால் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், காற்று ஏறிப் பொங்கும்வரை. வடைமாவு பதம் தெரிந்தவர்களுக்கு அந்தக் கையைப் பார்த்தாலே புரியும். இரண்டு கரண்டியால் உருட்டிக் கொதிக்கும் தெந்தேயில் விடுகிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. பிளந்து வத்தப்பா, கருரு, இறால், தக்காளிக் கலவை வைத்துத் தருவார்கள். "சூடாகவா?" என்று கேட்டால் காரமாகவா என்று அர்த்தம், தெரியாமல் தலையாட்டிவிடாதீர்கள். அக்காவுக்கு உள்ளே தக்காளி மட்டும் வைத்து வாங்கினேன், மிளகாய் விழுதிலும் பெரும்பாலும் இறால் இருக்கும். இதே மாவில் இறால் கலந்து வாழையிலையில் அவித்தால் அபரா.

மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியில் அக்கரா என்பது பண்டத்தின் பெயர், ஜே என்றால் சாப்பிடு. தெருவில் கூவி விற்ற சொல்லே பண்டத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. யன்சானுக்குப் படைக்கும் பண்டம் இது, அதனால் முதலில் அவளுடைய மகள்கள் விற்றார்கள். அடிமைக் காலத்தில் 'கன்யாதெய்ரா' என்று சொல்லப்பட்ட பெண்கள் தலையில் தட்டைச் சுமந்து தெருவில் விற்று, தினமும் ஒரு குறிப்பிட்ட தொகையை எஜமானனிடம் கட்ட வேண்டும். அதற்கு மேல் மிஞ்சியது அவர்களுடையது. அந்தச் சில்லறையைச் சேர்த்துச் சேர்த்துத் தன் விடுதலையை வாங்கினவர்கள் இருக்கிறார்கள், தன் பிள்ளையை வாங்கினவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1888 மே 13 அன்றுதான். அதற்கு வெகு காலம் முன்பே ஒவ்வொரு வடையாகப் போட்டு இந்தப் பெண்கள் தங்களை மீட்டுக்கொண்டார்கள். கையில் எண்ணெய் சொட்டச் சொட்ட அதை வைத்துக்கொண்டு நான் இதை அக்காவிடம் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தப் பாயானாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2005-இல் இந்தத் தொழிலை நாட்டின் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியும் உலகக் கோப்பைக் கால்பந்து வந்தபோது மைதானத்தைச் சுற்றி அக்கராஜே விற்கக் கூடாது என்று நிலைமை வந்தது. பாயானாக்கள் வெள்ளை உடையோடு தெருவில் இறங்கிப் போராடித்தான் உள்ளே இடம் வாங்கினார்கள்.

திரும்பி வரும்போது மணி ஒன்பது. தியா வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. உள்ளே ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைக் கேட்கவே இல்லை, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். ஒரு துணியும் கத்தியும் கொடுத்தார்கள். காயைத் துடைத்து, நீளவாக்கில் நாலாகக் கீறி, பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குத்தான் எழுந்தாள். ஒரு வார்த்தை போர்ச்சுகீசியம் தெரியாதவள் என்ன பேசினாள் என்று தெரியவில்லை, சிரிப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

செப்டம்பர் 27, வெள்ளி

சால்வடோரில் வெள்ளிக்கிழமை ஒஷலா என்ற ஒரிஷாவின் நாள், நிறையப் பேர் வெள்ளை உடுத்துகிறார்கள். ஆட்டோக்காரர் இல்லாத ஊர், பேருந்து ஓட்டுநர், வங்கி ஊழியர், பள்ளிக்கூடத்து ஆசிரியை, யார் வேண்டுமானாலும். மதியச் சாப்பாடும் வெள்ளிக்கிழமை என்றால் தெந்தேச் சாப்பாடுதான். அக்கா தலைக்குக் குளித்து வெள்ளையில் சன்னக் கரை போட்ட சேலை கட்டிக்கொண்டாள். தெருவில் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் ஊர்க்காரியைப் போல வணக்கம் சொன்னார்கள்.

தியா வீட்டில் மேசைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். கரும்பலகையைத் துடைத்துவிட்டிருந்தார்கள். இன்று கடை இல்லை. ஒரு மூலையில் இரட்டையர் சிலை, பூ, மெழுகுவர்த்தி, சின்னச் சின்னக் கிண்ணத்தில் எல்லாப் பண்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம். முதல் படையல் அங்கே. அப்புறம் தரையில் வெள்ளைத் துணி விரித்தார்கள், ஏழு பையன்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள், நாலு வயதிலிருந்து ஏழு வயதுக்குள் இருக்கும். நடுவில் ஒரு பெரிய மரத்தொட்டி. அதில் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் போட்டு வைத்தார்கள். பெரியவர்கள் சுற்றி நின்று கைதட்டிப் பாடினார்கள். பையன்கள் ஏழு பேரும் கையை விட்டு அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். ஸ்பூன் கிடையாது, தட்டு கிடையாது, வழியவிட்டாலும் யாரும் அதட்டுவதில்லை. அவர்கள் எழுந்திருக்கும்வரை அந்த வீட்டில் ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை படவில்லை. பசியோடு நாற்பது பேர் நின்றோம். அவ்வளவு பெரிய கூட்டம் நின்று, ஏழு சின்னப் பிள்ளைகள் வயிறு நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு எங்களுக்குத் தட்டு. தட்டின் நடுவில் கருரு. வெண்டைக்காய், வெங்காயம், இஞ்சி, அரைத்த நிலக்கடலை, முந்திரி, காய்ந்த இறால், தெந்தே எல்லாம் சேர்ந்து பச்சையும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று வெந்தது. நாம் வெண்டைக்காயின் வழவழப்பைப் போக்கத்தான் பாடுபடுவோம், வெயிலில் காயவைப்போம், எண்ணெயில் வதக்குவோம், மோர் விடுவோம். இவர்களுக்கு அந்த வழவழப்புதான் பண்டத்தின் உயிர். அதுதான் எல்லா ருசியையும் பிடித்து வைக்கிறது என்று சாப்பிட்டபோது புரிந்தது. பக்கத்தில் வத்தப்பா, ஷிஞ்ஷிங் என்ற கோழி, சோறு, கறுப்பு பீன்ஸ், தட்டைப்பயறு, ஃபரோஃபா, வறுத்த வாழைப்பழம். அதோடு சோளப்பொரி, தேங்காய்ச் சில்லு, கரும்புத் துண்டு, வெல்லம். அந்தக் கடைசி நாலையும் பார்த்துவிட்டு அக்கா, "ஆயுத பூஜைத் தட்டுடா இது" என்றாள்.

அக்காவுக்குத் தியா ஒரு சின்ன மண்சட்டியைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். இறால் சேர்ப்பதற்கு முன்பே பிரித்து வேறு அடுப்பில் வைத்த கருரு. உப்புக்கு மட்டும் இல்லை, மனதுக்கும் சரியாக இருக்கட்டும் என்று அதைச் சிலைக்கு முன் வைத்து எடுத்திருக்கிறார். முதல் நாள் அத்தனை வெளிச்சம் போட்ட இடத்தில் கிடைக்காதது, நாற்பது பேருக்குச் சமைத்த களைப்பிலும் ஒருத்திக்காகத் தனிச் சட்டி வைத்த இந்த வீட்டில் கிடைத்தது. அக்கா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

என் தட்டில் ஒரு முழு வெண்டைக்காய் வந்தது. நறுக்கும்போது விட்டுப்போயிருக்கும் என்று ஒதுக்கி வைத்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி பார்த்துவிட்டுச் சத்தம் போட, எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். ஏழு காயை நறுக்காமல் முழுசாகப் போடுவார்களாம். அது யார் தட்டில் விழுகிறதோ, அவர் அடுத்த வருடம் கருரு போட வேண்டும். நான் வெளிநாட்டுக்காரன், நாளை ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். தியா தலையை ஆட்டினார். "பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், மகனே."

சாப்பாடு முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்தபோது தியா தன் சின்ன வயதுக் கதை சொன்னார். அப்போதெல்லாம் வேண்டுதல் வைத்தவர்கள் ஒரு பெட்டியில் பூ அலங்காரம் செய்து கோஸ்மே, தாமியாவ்ன் சிலையை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் "பூசைக்குக் காணிக்கை" என்று கேட்பார்களாம். வசதி இருந்தாலும் கேட்டு வாங்கித்தான் செய்ய வேண்டும், சொந்தக் காசில் செய்தால் வேண்டுதல் சேராது என்று அவர் பாட்டி சொல்வாராம். அக்கா பட்டென்று, "நாமம் போட்ட சொம்பு!" என்றாள். புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் தெருவில் பையன்கள் சொம்பில் நாமம் போட்டுத் துளசி சுற்றிக்கொண்டு "கோவிந்தா, கோபாலா" என்று வாசல் வாசலாக அரிசி வாங்க வருவார்கள். அந்த அரிசியைப் பொங்கித்தான் தளிகை போடுவது. நானும் போயிருக்கிறேன், அக்காதான் என் நெற்றியில் நாமம் போட்டுவிடுவாள். இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது என் குரல் சரியாக வரவில்லை.

இருட்டியதும் எங்கிருந்தோ மேளச் சத்தம். 1976 வரை இந்த ஊரில் கண்டோம்ப்ளே வீடுகள் காவல்துறையில் பதிந்து அனுமதி வாங்கித்தான் மேளம் தட்ட முடியும். தியாவின் பாட்டி அந்தச் சீட்டை மடித்து மாவு டப்பாவுக்குள் வைத்திருப்பாராம். சாமியைக் கும்பிட அனுமதிச் சீட்டு, அதை வைக்க மரவள்ளி மாவு. இன்றைக்கு வாசல் கதவு இரண்டும் திறந்திருந்தது. தெருவில் பிள்ளைகள் மிட்டாய்ப் பையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 28, சனி

விமானம் மதியம். காலையில் விடைபெறப் போனோம். மேசைகள் பழையபடி போட்டிருந்தன, கரும்பலகையில் இன்றைய சாப்பாடு எழுதியிருந்தது. தியா ஒரு லிட்டர் தெந்தேயை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டி, அதற்கு மேல் தன் பழைய தலைத்துணி ஒன்றால் பொதிந்து கொடுத்தார். அக்கா பண்ருட்டியிலிருந்து எனக்கென்று கொண்டுவந்த முந்திரிப் பொட்டலத்தைக் கொடுத்தாள். தியா பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "நல்ல கை" என்றார், உடைத்தவர்களின் கையைச் சொல்கிறார்.

மூங்கில் சாலை மறுபடி வந்தது. அக்கா கைப்பேசியை என்னிடம் நீட்டி அடுத்த வருட நாட்காட்டியைத் திறந்து தரச் சொன்னாள். செப்டம்பர் 27 என்ன கிழமை என்று பார்த்தேன். சனிக்கிழமை. புரட்டாசிச் சனிக்கிழமை.

"சொம்போட வர்ற பசங்களை உட்கார வெச்சிடலாம்டா" என்றாள். "ஏழு பேர் தேறுவாங்க. வெண்டைக்காய் நம்ம சந்தையிலயே வாங்கிக்கலாம், இறாலுக்குப் பதிலா என்ன போடலாம்னு மட்டும் யோசி."